கடித்த நாய் யாருடையது? வீட்டு நாய்களும் சட்டமும் கடந்து வந்த பாதை

அன்பின் ஊரவர்களே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் பாடசாலையில் தரம் 4 படிக்கும் பிள்ளை ஒருவர் 2 வாரம் வகுப்புக்கு வரவில்லை. அஸருக்குப் பிறகு உம்மாவோடு சொந்தக்காரர் வீடொன்றுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டு நாய் கையிலும் தோளிலும் கடித்துவிட்டது. தையல் போட வேண்டி வந்தது. விசர்நாய்க்கடிக்கான ஊசிகளும் ஏற்றப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது நலம்.

அன்று இரவே ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிட்டன. "கட்டாக்காலி நாய்களுக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்" என்றார் ஒருவர். "பிரதேச சபை தூங்குகிறதா" என்றார் இன்னொருவர். நஞ்சு வைக்கலாம் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் வாசித்தபோது எங்களுக்கு ஒன்றுதான் உறுத்தியது. அந்தப் பிள்ளையைக் கடித்தது கட்டாக்காலி நாய் அல்ல. அதற்கு ஒரு பெயர் இருந்தது. சாப்பிட ஒரு தட்டு இருந்தது. படுக்க ஒரு வளவு இருந்தது. சொந்தக்காரர் ஒருவரும் இருந்தார். அவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது.

எங்கள் வாப்பா கோழி வளர்த்த காலம். இரவுக் காவலுக்கு ஒரு நாய் நின்றது. பகல் முழுக்கச் சங்கிலியில்தான் கிடக்கும். சோறு வைக்கிற நேரம் தவிர அதற்குக் கிட்ட யாரும் போவதில்லை. ஊசி போட்டதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் அன்று வீடு நிறைய ஆட்கள். பின்பக்கம் விளையாடப் போன சாச்சாவின் மகனை, சங்கிலி அறுந்து வந்து தொடையில் கடித்தது. அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் பெரியவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நீ ஏன் அங்க போனாய்?" அன்று மாலையே வாப்பா அந்த நாயை வேறொரு பண்ணைக்குக் கொடுத்துவிட்டார். அங்கே அது யாரைக் கடித்தது என்று நாங்கள் விசாரிக்கவே இல்லை.

பிள்ளை ஏன் போனது, நாய் என்ன இனம், தெருநாய் ஏன் இத்தனை என்று எல்லாம் கேட்போம். வைத்திருந்தவர் என்ன செய்தார் என்று கேட்கமாட்டோம். மனிதர்கள் இந்தக் கேள்வியை எப்போது கேட்கத் தொடங்கினார்கள், எப்போது மறந்தார்கள், மறந்ததால் என்ன ஆனது என்பதைத்தான் இந்தப் பதிவில் பகிர நினைக்கிறோம்.

*ரோமாபுரியிலிருந்து கொழும்பு வரை*

இத்தாலியில் பொம்பெய் என்று ஒரு நகரம் இருந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோனது. அதைத் தோண்டி எடுத்தபோது ஒரு வீட்டு வாசலில், தரையில் சிறு கற்கள் பதித்து, சங்கிலியில் கட்டிய கறுப்பு நாயின் படம் இருந்தது. கீழே "நாய், கவனம்" என்ற பொருளில் எச்சரிக்கை எழுதியிருந்தது. இன்று எங்கள் கேட்டுகளில் தொங்கும் பலகைக்கு ஏறத்தாழ 2000 வருட வயது.

ஆனால் பலகை மாட்டியதும் பொறுப்பு முடிந்தது என்று ரோமர் நினைக்கவில்லை. கி.மு. 450 அளவில் எழுதப்பட்ட அவர்களது பன்னிரண்டு பலகைச் சட்டத்தின்படி, வளர்ப்பு மிருகம் ஒருவருக்குத் தீங்கு செய்தால் சொந்தக்காரர் நட்டஈடு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மிருகத்தையே பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைக்க வேண்டும். பிற்காலத்தில், ஆட்கள் நடமாடும் வழியோரத்தில் மூர்க்கமான நாய், காட்டுப்பன்றி, கரடி, சிங்கம் போன்றவற்றை வைத்திருப்பதையும் தடுத்தார்கள். சிங்கத்தோடு ஒரே பட்டியலில் நாயையும் சேர்த்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இது எங்களுக்கு அந்நியமான கதை அல்ல. ரோமச் சட்டத்தை ஒல்லாந்தர் தங்கள் நாட்டுச் சட்டத்தோடு இணைத்தார்கள். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டபோது அதை இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் 1799இல் ஒரு பிரகடனம் மூலம் அதைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். இன்றும் எங்கள் சிவில் சட்டத்தின் அடித்தளத்தில் இருப்பது ரோமன் டச்சுச் சட்டம்தான். நாயின் செயலுக்கு மனிதன் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல.

*எங்கள் பிக்ஹு நூல்கள்*

நாய் என்றதும் எங்கள் சமூகத்தில் பேச்சு நஜீஸோடு நின்றுவிடுகிறது. "நாங்கள் நாய் வளர்ப்பதில்லை, இது எங்கள் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கோழிப்பண்ணையில், வயல் காவலில், தென்னந்தோட்டத்தில், கடைக்குப் பின்னால், புதிதாக மாடி கட்டிய வீடுகளின் கராஜுக்குள் எங்கள் ஆட்களின் நாய்கள் நிற்கின்றன. வளர்க்கிறோம். வளர்ப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. அதனால் பதிவும் இல்லை, ஊசியும் இல்லை.

வேட்டை, கால்நடை, பயிர் ஆகிய மூன்றுக்காகவும் நாய் வைத்திருக்க ஹதீஸ்களில் அனுமதி உண்டு. வீட்டுக் காவலுக்கும் அது பொருந்துமா என்பதை இமாம் நவவி (மரணம் ஹிஜ்ரி 676) போன்ற அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். அதே நூல்களில் "கல்ப் அகூர்", அதாவது கடிக்கும் நாய் என்ற தனிப் பிரிவும் இருக்கிறது.

டமஸ்கஸில் வாழ்ந்த ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (மரணம் ஹிஜ்ரி 620, கி.பி. 1223) தமது அல்முக்னி நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: கடிக்கும் நாயை வைத்திருந்து அவிழ்த்துவிட்டவர், அது இரவில் கடித்தாலும் பகலில் கடித்தாலும், ஒருவரின் உடுப்பைக் கிழித்தாலும்கூட, அதற்குப் பொறுப்பாளி. அப்படியொரு நாயை வைத்திருந்ததே அவரது கவனயீனம். ஒருவர் அனுமதியின்றி வீட்டுக்குள் நுழைந்து கடி வாங்கினால் சொந்தக்காரர் மீது பொறுப்பு இல்லை. அனுமதியோடு வந்த விருந்தாளியைக் கடித்தால் பொறுப்பு உண்டு.

எல்லா மத்ஹபுகளும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் விருந்தாளி விடயத்தில் வேறு அபிப்பிராயங்களும் உண்டு. தீர்ப்புக்கு உலமாக்களிடம்தான் போக வேண்டும். நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: 800 வருடங்களுக்கு முன்பே, வீட்டுக்குள் அழைக்கப்பட்டு வந்தவரை வீட்டு நாய் கடித்தால் என்ன என்ற கேள்வியை எங்கள் அறிஞர்கள் எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவமன்னிப்பு கிடைத்ததையும், பூனையைச் சாப்பாடும் கொடுக்காமல் அவிழ்த்தும் விடாமல் அடைத்துவைத்த பெண் தண்டிக்கப்பட்டதையும் சிறு வயதில் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். பகல் முழுக்க வெயிலில் 4 அடிச் சங்கிலியில் கிடக்கும் நாயைப் பார்க்கும்போது அந்த இரண்டாவது ஹதீஸ் எங்களுக்கு நினைவுக்கு வரவேண்டும். அன்று எங்கள் வீட்டில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

*விசர்நாய்க் காலம்*

1885 ஜூலை 6ஆம் திகதி பரிஸ் நகரில் லூயி பாஸ்டர் தமது தடுப்பு மருந்தை ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு ஏற்றத் தொடங்கினார். அல்சாஸ் பகுதியிலிருந்து தாயார் கூட்டிவந்த பிள்ளை. 13 ஊசிகள் போடப்பட்டன. பிள்ளை பிழைத்தது. இதை விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கிறோம். பாடத்தில் வராத ஒரு விடயம், அந்தச் சிறுவனைக் கடித்ததும் தெருநாய் அல்ல. ஒரு பலசரக்குக் கடைக்காரரின் நாய்.

அந்தக் காலத்தில் பிரித்தானியாவிலும் விசர்நாய்ப் பயம் கடுமையாக இருந்தது. 1897இல் வோல்டர் லோங் என்ற அமைச்சர் நாய்களுக்கு வாய்க்கூடு போட வேண்டும் என்று கட்டாயமாக்கினார். நாய்ப்பிரியர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களைத் தனிமைப்படுத்தும் விதியும் சேர்ந்துகொள்ள, 1902ஆம் ஆண்டளவில் நோய் அங்கிருந்து ஒழிந்தது. முதலாம் உலகப் போரின் இறுதியில் மறுபடி உள்ளே வந்து, 1922இல் திரும்பவும் ஒழிக்கப்பட்டது. தெருவில் திரிந்த நாய்களைப் பிடிப்பதும் நடந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் பாரம் பெரும்பாலும் விழுந்தது நாயின் சொந்தக்காரர் மேல்தான்.

அதே பத்தாண்டில் இலங்கையிலும் சட்டம் வந்தது. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம் முதலாவது. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இரண்டாவது. முதலாவது சந்தேகத்துக்குரிய நாயை அடக்கவும், வீதியில் விடப்பட்ட நாய்களைப் பிடிக்கவும் வழிசெய்தது. இரண்டாவது, நாய் வைத்திருப்பவர் ஒவ்வொரு வருடமும் உள்ளூராட்சி மன்றத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. இவற்றுக்கு முன்பே 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தன்னிடமுள்ள மிருகத்தால் மனிதருக்கு ஆபத்து வராதபடி போதிய கவனம் எடுக்காமல் விடுவதைக் குற்றமாக்கியிருந்தது.

ஆக, 1901இலேயே எங்கள் நாட்டில் எல்லா நாய்க்கும் ஒரு சொந்தக்காரரின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஊரில் எத்தனை நாய்கள் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன? கேட்டுப் பாருங்கள், பலர் சிரிப்பார்கள். சட்டத்தின் முதல் பாதி மட்டும்தான் எங்கள் மனதில் தங்கியது: நாய் பிடிக்கிற லொறி. அது வந்தால் ஊருக்கே தெரியும். பிடித்துக் கொல்லும் முறை பல பத்தாண்டுகள் நடந்தது. 2006இல் அரசு அதை நிறுத்தும் கொள்கைக்கு மாறியது.

ஆனால் உயிர்களைக் காப்பாற்றியது லொறி அல்ல. 1970களின் தொடக்கத்தில் விசர்நாய்க்கடி நோயால் இந்நாட்டில் வருடத்துக்கு 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்மைய வருடங்களில் அது 50க்கும் குறைவு. நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கிடைத்ததும்தான் இதற்கு முக்கிய காரணம். ஊசி போட நாயைப் பிடித்துக் கொடுக்க ஒரு சொந்தக்காரர் வேண்டும். அந்த இடத்தில்தான் இன்னும் ஓட்டை இருக்கிறது.

*வீட்டு வாசலில் நின்ற சட்டம்*

விசர்நோயை ஒழித்த பிரித்தானியாவிலேயே நாய்ப் பிரச்சினை வேறு உருவத்தில் வந்தது. எங்கள் சட்டங்கள் பல அங்கிருந்து வந்தவை என்பதால் அவர்கள் விட்ட பிழையும் எங்களுக்குப் பாடம்.

அங்கே நாய் வைத்திருக்க நீண்ட காலமாக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் கட்டணம் வெறும் 37 பென்ஸ். பலர் அதையும் கட்டவில்லை. 1987இல் அதை ஒழித்துவிட்டார்கள். 4 வருடம் கழித்து, 1991 மே மாதம், பிராட்போர்ட் நகரில் 6 வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிட்புல் நாய் ஒன்று கடுமையாகக் கடித்துக் குதறியது. நாடே கொதித்தது. உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார். ஜூலையில் நிறைவேறி ஓகஸ்டில் அமுலுக்கு வந்தது. அதுதான் 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம்.

பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ ஆர்ஜென்டினோ, பிலா பிரசிலேரோ என்ற 4 வகைகளை அது தடைசெய்தது. எந்த வகை நாயானாலும் கட்டுப்பாடின்றி ஆபத்தாக நடந்தால் சொந்தக்காரருக்குத் தண்டனை என்றும் சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அது பொது இடமாக இருக்க வேண்டும். அல்லது அந்த நாய் நுழைய அனுமதியில்லாத இடமாக இருக்க வேண்டும். நாய் தன் சொந்த வீட்டுக்குள் ஒரு பிள்ளையைக் கடித்தால் அந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போட முடியாது.

பயங்கரமான சம்பவங்கள் பல அந்த இடத்தில்தான் நடந்தன. பாட்டி வீட்டில், மாமா வீட்டில், நண்பர் வீட்டில், தூங்கும் அறையில். வீடு வீடாகக் கடிதம் போடும் தபால்காரர்கள் வளவுக்குள் கடி வாங்கினார்கள். அவர்களது தொழிற்சங்கம் சட்டத்தை மாற்றச் சொல்லிப் பல வருடம் போராடியது. 2014 மே 13 முதல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் குற்றம் தனியார் வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மரணம் நேர்ந்தால் 14 வருடம் வரை சிறை. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவரைக் கடித்தால் மட்டும் விதிவிலக்கு. இப்னு குதாமா பிரித்துச் சொன்ன அதே கோடு.

இனத்தைத் தடைசெய்தது எவ்வளவு உதவியது? பட்டியலில் இல்லாத பெரிய நாயொன்றை வளர்ப்பவர்கள் உருவாக்கினார்கள். எக்ஸ்எல் புல்லி என்று பெயர். தொடர்ச்சியாக மரணங்கள் நேர்ந்தபின், 2023 டிசம்பர் 31 முதல் அதை வளர்க்கவும் விற்கவும் தடை வந்தது. 2024 பெப்ரவரி 1 முதல் விதிவிலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சான்றிதழுக்கு 50,000க்கும் மேற்பட்ட நாய்கள் பதிவாகின. 32 வருடத்துக்குப் பிறகு பட்டியலில் ஐந்தாவது பெயர் சேர்ந்தது. ஆறாவது வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயம் பெரிது என்பது உண்மைதான். ஆளுக்கு ஆள் ரொட்வைலரும் பிட்புல்லும் கௌரவத்துக்காக வாங்கி அடைத்து வைப்பதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எங்கள் வாப்பாவின் நாய் ஒரு சாதாரண ஊர் நாய். எந்த நாட்டின் தடைப் பட்டியலிலும் அது வந்திருக்காது. சங்கிலியும் தனிமையும் பயமும் எங்கள் கவனயீனமும் சேர்ந்துதான் அதைக் கடிநாய் ஆக்கின. சிறு பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான் என்று பல நாட்டு வைத்திய ஆய்வுகள் சொல்கின்றன. தெருநாயைக் கண்டால் பிள்ளை ஒதுங்கிப் போகும். சாச்சி வீட்டு நாயிடம் அது ஒதுங்காது, ஏனென்றால் அங்கே பெரியவர்கள் இருக்கிறார்கள், பயமில்லை என்று நம்புகிறது.

*நாம் செய்யக்கூடியவை*

வரலாற்றைச் சொல்லிவிட்டு எழுந்து போவது ஆசிரியருக்கு அழகல்ல. அதனால் சில வேண்டுகோள்கள்.

1. வீட்டில், பண்ணையில், கடையில் நாய் இருந்தால் "அது சும்மா நிற்கிறது" என்று சொல்லாதீர்கள். சோறு போடுபவர்தான் சொந்தக்காரர். உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்யுங்கள்.

2. வருடா வருடம் தடுப்பூசி போட்டு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எப்போது, எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார்.

3. விருந்தாளிகள் வரும் நேரம், குறிப்பாகப் பெருநாள், கல்யாணம், ஜனாஸா நாட்களில், நாயைத் தனி இடத்தில் அடைத்து வையுங்கள். அந்த இடத்தில் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். சிறு பிள்ளையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஒன்றாக விடாதீர்கள், எவ்வளவு சாதுவான நாயானாலும் சரி.

4. கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். சிறு கீறலானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

5. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள், வேறு ஊருக்கும் அனுப்பாதீர்கள். கட்டிவைத்துக் கவனித்தால்தான் வைத்தியர் சரியான முடிவெடுக்க முடியும். எங்கள் வாப்பா செய்த பிழையை யாரும் செய்ய வேண்டாம்.

6. சொந்தக்காரர் தாமாகப் போய்ப் பிள்ளையைப் பார்க்கட்டும், நாய்க்கு ஊசி போட்டதா இல்லையா என்று உண்மையைச் சொல்லட்டும், செலவை ஏற்கட்டும். வெட்கத்தில் ஒளித்தால் ஒரு உயிரே போகலாம்.

பள்ளிவாசல் நிர்வாக சபையினருக்கும் ஒரு கோரிக்கை. ஜும்ஆவுக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரை 10 நிமிடம் பேசச் சொல்லலாம். அடுத்த தடுப்பூசி நாளைப் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். நாய் விடயத்தைப் பள்ளியில் கதைப்பதா என்று யாராவது கேட்டால், பிள்ளைகளின் விடயத்தைக் கதைக்கிறோம் என்று சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்த அன்று, வகுப்பில் கூட இருந்த மாணவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "சேர், அந்த நாய்க்கு ஊசி போட்டிருந்ததா?" அந்த நேரம் எங்களிடம் பதில் இல்லை. பிறகு விசாரித்தோம். அந்த வீட்டாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 9 வயதுப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி, வாட்ஸ்அப்பில் அன்றிரவு முழுக்கக் கதைத்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வளவில் நிற்கும் நாயைப் பார்த்து அதே கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.